தஞ்சையில் ஓர் உக்கிராணக்காரர்

நம் பாட்டனாரும் பூட்டனாரும் நாகப்பட்டினத்துக் கடற்கரையில் மூட்டை முடிச்சுகளோடு காத்திருந்து கப்பலேறிப் பினாங்குத் துறையில் வந்து இறங்கியவர்கள். ஜெலுத்தோங்கிலும் சுற்றுப்புறத்துத் தோட்டங்களிலும் வாழ்ந்த பல குடும்பங்களின் பூர்வீகத்தைக் கேட்டால் தஞ்சை, திருச்சிராப்பள்ளி என்றே விடை வரும். அந்த நாகப்பட்டினத்திலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் தரங்கம்பாடி என்னும் சிற்றூர் உண்டு. 1620ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டவர் கோட்டை கட்டி வாணிகம் தொடங்கிய ஊர் அது. 1706இல் சீகன்பால்கு என்னும் செர்மானியப் பாதிரியார் அங்கு வந்து, மணலில் எழுத்துப் பழகும் சிறுவர்களோடு தாமும் அமர்ந்து தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு வெளியிட்டார். அவர் மறைந்து முப்பத்தோராண்டுகள் கழித்து அதே ஊருக்கு வந்து சேர்ந்த மற்றொருவரைப் பற்றியே இக்கட்டுரை. அவர் பெயர் கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். சீர்திருத்தக் கிறித்துவக் குருமாரை ஐயர் என்று அழைப்பது தமிழ்நாட்டு வழக்கம். ஆதலால் தஞ்சை மக்களுக்கு அவர் சுவார்ட்ஸ் ஐயர்.

சுவார்ட்ஸ் 1726ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பிரசிய நாட்டின் சோனன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. தாயார் அவருடைய குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டார். இறக்குமுன் தம் மகனை இறைப்பணிக்கென்று ஒப்படைத்ததாகச் சொல்லுவர். இளைஞர் ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தமிழ்நாட்டில் பணியாற்றித் திரும்பியிருந்த சூல்ட்சே என்னும் முதியவர் அங்கே தமிழ் வேதாகமத்தை அச்சிட முயன்றுகொண்டிருந்தார். அச்சுப் பிழை திருத்துவதற்காகச் சுவார்ட்ஸ் தமிழ் கற்கத் தொடங்கினார். அந்த அச்சு வேலை கைகூடவில்லை. ஆயினும் கற்ற தமிழ் வீண்போகவில்லை. அது அவரைத் தமிழ்நாட்டுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

புறப்படுமுன் அவர் செய்த ஒரு காரியம் நாம் நின்று நோக்கத் தக்கது. தமக்குரிய குடும்பச் சொத்தின் பங்கைத் தம் உடன்பிறந்தாருக்கே விட்டுக்கொடுத்தார். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பியர் வழக்காடி வாழ்நாளெல்லாம் முகம் பாராதிருப்பதை நாம் அறிவோம். இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் ஆரவாரமின்றிக் கையைத் துடைத்துக்கொண்டு கப்பலேறினார். 1750 சூலையில் கடலூர்த் துறையில் இறங்கித் தரங்கம்பாடி சேர்ந்தார். நான்கு திங்கள் முடியுமுன்னரே தமிழில் அவருடைய முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. பின்னர்ப் போர்த்துக்கீசியம், மராத்தி, பாரசீகம், இந்துசுத்தானி ஆகிய மொழிகளையும் கற்றார். எந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்தாலும் அந்த வீட்டார் மொழியிலேயே பேசவேண்டும் என்பது அவர் கொள்கை.

1762இல் அவர் கால்நடையாகவே தஞ்சைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் சென்றார். திருச்சியில் ஆங்கிலப் படை ஒன்று தங்கியிருந்தது. அங்கே அவருக்குக் கிடைத்த இருப்பிடம் ஒரு பழைய கட்டடத்தின் மூலை அறை. அவரும் அவர் கட்டிலும் அடங்கும் அளவே இருந்தது. உணவு சோறும் காய்கறியும். நம்மவர் சமைக்கும் முறையிலேயே சமைத்தது. உடை, கறுப்புச் சாயம் தோய்த்த மலிவான பருத்தித் துணி. ஆண்டுக்கு 48 பவுன் அவருடைய செலவுக்குப் போதுமானதாயிருந்தது. கம்பெனிக்கு ஊழியம் செய்ய வந்த வெள்ளையர் சிலர் இரண்டொரு ஆண்டுகளில் பெருஞ்செல்வராகித் தாயகம் திரும்பிய காலம் அது என்பதை மனத்தில் கொண்டால்தான் இந்த அறையின் சிறுமை நமக்குப் பெரிதாகத் தெரியும்.

வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துப் பலர் மாண்டபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அவர் பணம் திரட்டிப் பள்ளி அமைத்தார். படைவீரர்க்கு வழிபாடு நடத்தியதற்காகக் கம்பெனியார் அவர் கேளாமலே ஆண்டுக்கு 100 பவுன் ஒதுக்கினர். அத்தொகையும் கட்டட வேலைக்கும் சபையாருக்குமாகச் செலவாயிற்று. 1766இல் திருச்சிக் கோட்டையில் கிறித்துநாதர் ஆலயம் எழுந்தது. அது இன்றும் நிற்கிறது.

இங்கே கிறித்துவ சமயம் பொருளைப் பற்றிக் கூறுவதைச் சிறிது சொல்லியாக வேண்டும். நம் மாணவரில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்கள் பட்டினத்தடிகள் கதையை அறிவார்கள். காதற்ற ஓர் ஊசி பெருவணிகரைத் துறவியாக்கிற்று. இயேசு பெருமானின் போதனையிலும் ஓர் ஊசி வருகிறது. அதற்குக் காது உண்டு. அந்தக் காதில் ஒட்டகம் நுழைவதைக் காட்டிலும் செல்வன் இறைவனுடைய ஆட்சிக்குள் நுழைவது அரிது என்பது அப்போதனை. இரண்டு ஊசிகளும் ஒரே இடத்தைத்தான் குத்துகின்றன. ஆயினும் கிறித்துவ வேதம் பொருளைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. பொருளுடையவனை அது ஓர் உக்கிராணக்காரனாகக் காண்கிறது. கலியாண வீட்டில் உக்கிராணம் காப்பவரை நாம் பார்த்திருக்கிறோம். அரிசியும் பருப்பும் நெய்யும் அவர் பொறுப்பில் இருக்கும், சாவி அவர் இடுப்பில் இருக்கும், பொருளோ வீட்டுக்காரருடையது. பந்தி பசித்திருக்கும்போது பூட்டிவைத்தாலும் குற்றம். தம் வீட்டுக்குச் சுருட்டிக்கொண்டு போனாலும் குற்றம். சுவார்ட்ஸ் ஐயரின் நாற்பத்தெட்டு ஆண்டுத் தமிழ்நாட்டு வாழ்வை இந்த ஒரு சொல்லில் அடக்கிவிடலாம் என்பது என் கருத்து.

தஞ்சையை அப்போது ஆண்டவர் மராத்திய மரபினரான துளசா மகாராசா. ஐயர் அவரை முதன்முதல் 1769இல் கண்டார். 1778இல் தஞ்சையிலேயே குடியேறினார். அடுத்த ஆண்டு சென்னைக் கம்பெனி அரசு அவருக்கு ஒரு விந்தையான வேலையைக் கொடுத்தது. மைசூரின் ஐதர் அலி கம்பெனியார்மீது கடுஞ்சினம் கொண்டிருந்தார். அவர் உள்ளத்தை அறிந்துவர ஒரு தூதர் வேண்டும். ஐதரோ வெள்ளையர் எவரையும் நம்ப ஆயத்தமாயில்லை. சுவார்ட்ஸ் ஒருவரை மட்டும் நம்பினார். பாதிரியார் அரசியலில் தலையிடலாமா என்று ஐயர் தயங்கினார். போர் தடுக்கப்படுமானால் நல்லது என்றெண்ணிச் சீரங்கப்பட்டணத்துக்குப் புறப்பட்டார்.

ஐதர் அவரை மதிப்போடு வரவேற்றார். விடைபெறும்போது வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொண்ட ஒரு பையை அனுப்பினார். கம்பெனியார் ஏற்கெனவே வழிச்செலவு கொடுத்திருந்தபடியால் ஐயர் அந்தப் பையைச் சென்னைக்குக் கொண்டுபோய் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் வற்புறுத்தவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அதனை முதற் பணமாக்கினார். தூது சென்றதற்காகத் தமக்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. திருச்சியில் உடனுழைத்த போலே என்னும் பாதிரியாருக்கு ஓர் உதவித்தொகை கொடுங்கள் என்று மட்டும் கேட்டார். தூதினால் போர் நிற்கவில்லை. மறு ஆண்டே மூண்டது. கம்பெனியார் ஐயரின் நற்பெயரைத் தம் காரியத்துக்குக் கருவியாக்கிக்கொண்டனர் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் அந்தப் போர்க்காலத்திலும் இந்தக் கிழப்பாதிரியாரைத் தடுக்க வேண்டா என்று ஐதர் தம் படையினருக்குக் கட்டளையிட்டிருந்தார். இருதிறத்துப் படைகளுக்கும் இடையே அவர் அச்சமின்றி நடந்துசென்றார்.

இனி வருவது அவர் வாழ்வின் மிகக் கொடிய காலம். 1780 முதல் 1783 வரை சோழநாட்டில் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஐதருடைய குதிரைப்படை வயல்களையும் ஏரிகளையும் பாழாக்கிற்று. நாட்டுப்புறத்து மக்கள் தஞ்சைக் கோட்டைக்குள் வந்து குவிந்தனர். தெருவோரங்களில் பிணங்கள் கிடந்தன. ஐயர் முன்னறிவோடு, விலை மலிந்திருந்த காலத்திலேயே நெல் வாங்கிச் சேமித்திருந்தார். அதைக்கொண்டு நாள்தோறும் பலருக்குக் கஞ்சி ஊற்றினார். கோட்டையிலிருந்த படைவீரருக்கோ உணவே இல்லை. காவலில் நின்றபடியே மயங்கி விழுந்தனர்.

வெளியே சிற்றூர்களில் நெல் இல்லாமலில்லை. அதைக் கொண்டுவரும் மாடுகளும் இல்லாமலில்லை. இருந்தும் எவரும் கொண்டுவரவில்லை. ஏன்? முன்பெல்லாம் அரசர் ஆட்களும் கம்பெனி ஆட்களும் நெல்லைப் பெற்றுக்கொண்டு பணம் கொடுக்காமல் விரட்டியடித்திருந்தனர். அரசர் ஆணையிட்டார், மாடு வரவில்லை. அதிகாரிகள் அச்சுறுத்தினர், அப்போதும் வரவில்லை. வேறு வழியின்றி அரசர் ஐயரை அழைத்து, உம்முடைய வாக்கையாவது இவர்கள் நம்புகிறார்களா பாரும் என்று வேண்டிக்கொண்டார். ஐயர் ஊர்களுக்கு எழுதினார்: கொண்டுவரும் ஒவ்வொருவருக்கும் தம் கையாலேயே கூலி கொடுப்பதாக உறுதி கூறினார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன. விரைவில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. கலம் என்பது பன்னிரண்டு மரக்கால். கணக்கில் தேர்ந்த மாணவர் எத்தனை மரக்கால் என்று பெருக்கிப் பார்க்கலாம். எல்லாம் முடிந்தபின் ஐயர் தம்மிடமிருந்த பணம் போதாமல், பிறர் தம்மிடம் ஒப்படைத்திருந்த பணத்தையும் சேர்த்து எடுத்து, எல்லார்க்கும் கூலியை ஒழுங்காகக் கொடுத்து, சிறிது அன்பளிப்பும் தந்து, ஊருக்கு அனுப்பினார்.

அரசரிடம் பொன் இருந்தது. கம்பெனியாரிடம் பீரங்கி இருந்தது. நெல் வந்ததோ இவற்றில் ஒன்றுமில்லாத ஒருவரின் சொல்லுக்காக. சம்பள நாளன்று கையில் வரவேண்டிய பணம் கடைப் பற்று என்றும் கழிவு என்றும் கரைந்துபோனதைக் கண்ட தோட்டத்து முதியோர் நம்மிடையே உண்டு. பெரட்டுக் களத்தில் கொடுக்கப்பட்ட வாக்குக்கும் கூலி நாளில் கிடைத்த காசுக்கும் இருந்த தூரத்தை அவர்கள் அறிவார்கள். அந்தச் சோழநாட்டு வண்டிக்காரர் ஏன் மாட்டை அவிழ்க்கவில்லை என்பதை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போர் ஓய்ந்தபின் வேறொரு துன்பம் வந்தது. வரிக்கொடுமை தாளாமல் ஏறத்தாழ 65,000 மக்கள் தஞ்சை நாட்டை விட்டு வெளியேறிவிட்டனர். பயிரிடும் காலம் கடந்துகொண்டிருந்தது. அரசர் அழைத்தார், எவரும் திரும்பவில்லை. மீண்டும் ஐயரே உறுதி கூற வேண்டியதாயிற்று. உங்களுக்கு நியாயம் கிடைக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பினார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தனர். இராப்பகலாக உழைத்தனர். பருவம் தவறியும், அவ்வாண்டு விளைச்சல் முந்திய ஆண்டினும் மிகுதியாயிற்று.

இந்த வரலாற்றை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, ஏழையாயிருப்பது அவ்வளவு நல்லதென்றால் ஐயர் ஏன் மக்களுக்கு நெல்லும் கூலியும் வாங்கிக் கொடுத்தார் என்று கேட்டாள். நல்ல கேள்வி. பெரியவர்கள் பலர் இந்த இடத்தில் வழுக்கி விழுகிறார்கள். தாழ்மையோடு இரு, கிடைத்தது போதும் என்று இரு, ஏழைகளே கடவுளுக்கு வேண்டியவர்கள் என்று பசித்தவனுக்குப் போதிப்பவர் உண்டு. ஐயர் அப்படிப் போதித்ததில்லை. தம்முடைய வறுமையைத் தாமே தேர்ந்துகொண்டார். பிறர்மேல் சுமத்தப்பட்ட வறுமையை எதிர்த்து அரசரோடும் வாதிட்டார். வரி வாங்குவோரின் கொடுமையைத் துளசா மகாராசாவிடம் அவர் பலமுறை எடுத்துரைத்து அவருடைய மனத்தாங்கலுக்கும் ஆளானார். தாழ்மை என்பது தலைகுனிந்து நிற்பது என்று எண்ணினால் அவரைத் தாழ்மையுள்ளவர் என்று சொல்ல இயலாது. தமக்கென்று கேட்கும்போது நாவடங்கியும், பிறர்க்கென்று கேட்கும்போது நாவடங்காமலும் இருந்தார். அதைத்தான் அவர் தாழ்மை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கல்விப் பணியையும் சுருக்கமாகச் சொல்லலாம். 1785ஆம் ஆண்டளவில் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்ற அவர் துணைநின்றார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதளவில் ஒரு சிறுவனை அழைத்துவந்து தம்மோடு வைத்து வளர்த்தார். அச்சிறுவனே பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாத்திரியார்.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கேப்டன் பிரான்சிஸ் லைட் நம் பினாங்குத் தீவில் கொடி ஏற்றினார். அதற்கு மறு ஆண்டு தஞ்சையில் துளசா மகாராசா மரணப்படுக்கையில் இருந்தார். மகப்பேறில்லாத அவர் பத்து வயது நிரம்பாத சரபோசி என்னும் சிறுவனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். ஐயரை அழைத்து, சிறுவனுக்கும் நாட்டுக்கும் காவலராயிரும் என்று வேண்டினார். ஒரு நாட்டின் கருவூலச் சாவி ஐயரின் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. அவர் மறுத்தார். அரண்மனைப் பொறுப்பைத் தம்மால் சரிவரச் செய்ய இயலாது, பொறாமையும் குழப்பமும் விளையும் என்று காரணம் காட்டி, அரசரின் தம்பி அமர்சிங்கிடம் ஒப்படைக்கும்படி அறிவுரை கூறினார்.

அந்த அறிவுரை நல்ல பலனைத் தரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அமர்சிங் தாமே அரியணை ஏறினார். கம்பெனியாரும் அதனை ஏற்றனர். சிறுவன் சரபோசி இருண்ட அறையில், கல்வியின்றி அடைத்துவைக்கப்பட்டான். பதவி வேண்டாம் என்று விலகுவது எப்போதும் நன்மையே தரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஐயர் சிறுவனைக் கைவிடவில்லை. கம்பெனியாருக்கு ஓயாமல் எழுதினார். காவல் வைக்கச் செய்தார். 1793இல் அவனையும் அரச குடும்பத்துப் பெண்டிரையும் சென்னைக்கு அழைத்துச்சென்று பாதுகாப்பாகக் குடிவைத்து, கல்விக்கு ஏற்பாடு செய்தார். சுவீகாரம் செல்லாதென்ற தீர்ப்பை மறுபடி ஆராயும்படியும் செய்தார். 1798இல் சரபோசி தஞ்சையின் மன்னரானார். சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கி வளர்த்தவர் அவரே. பாதிரியார் வளர்த்த அம்மன்னர் வாழ்நாள் முழுவதும் இந்துவாகவே வாழ்ந்தார்; இருவருக்குமிடையே இருந்த அன்பு அதனால் சிறிதும் குறையவில்லை.

அவர் முடிசூடியதைக் காண ஐயருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரி 13ஆம் நாள், எழுபத்திரண்டாம் வயதில், மாணாக்கரும் உடனூழியரும் சூழ்ந்திருக்க அவர் உயிர்நீத்தார். திருமணம் செய்துகொள்ளாதவர், மக்கள் இல்லை. அன்றிரவெல்லாம் ஏழைகளின் அழுகுரல் ஓயவில்லையாம். மறுநாள் அடக்கத்தின்போது பாட்டுப் பாடவும் இயலாதபடி கூட்டம் அழுதது. சரபோசி வந்து முகம் பார்த்துக் கண்ணீர் விட்டார்; பொன்னாடை போர்த்தினார்; கல்லறைவரை உடன்வந்தார்.

ஐயரின் உயில் பலருக்கு வியப்பளித்தது. அத்துணை எளிமையாக வாழ்ந்தவரிடம் கணிசமான தொகை சேர்ந்திருந்தது. பிற்காலத்தில் கிடைத்த படிகளையும் நன்கொடைகளையும் தமக்கென்று செலவிடாமல், சிக்கனமாகச் சேர்த்து, வட்டிக்கு விட்டுப் பெருக்கியிருந்தார். அவ்வளவும் பள்ளிகளுக்கும் உபதேசிமார் சம்பளத்துக்கும் ஏழைகளுக்குமாகத் திருச்சபைக்கு எழுதிவைக்கப்பட்டிருந்தது. பணத்தைத் தொடமாட்டேன் என்று ஒதுங்கியவரல்லர் அவர். நன்றாகத் தொட்டு, எண்ணி, கணக்கெழுதி, ஒப்படைத்துவிட்டுப் போனவர்.

கம்பெனியார் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினர். அவர் அடக்கம் செய்யப்பட்டது தஞ்சைப் புனித பேதுரு ஆலயத்தில். கல்லறைக் கல்லில் உள்ள ஆங்கிலக் கவிதையைச் சரபோசி மன்னரே இயற்றினார். கோட்டைக்குள் ஐயர் 1779இல் கட்டிய ஆலயத்தில், இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக்கொண்டு மன்னர் ஒரு சலவைக்கல் சிற்பமும் செய்வித்து நிறுத்தினார். மரணப்படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையை இளவரசர் பற்றிக்கொண்டிருக்கிறார். அருகில் பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

அந்த மன்னர் கண்ணந்தங்குடி என்னும் ஊரில் ஓர் அறச்சாலையும் ஏற்படுத்தினார். அங்கே ஏழைக் கிறித்துவப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கல்வியும், கண்ணில்லாதவர்க்கும் முடவர்க்கும் உணவும், அரண்மனைச் செலவில் கொடுக்கப்பட்டு வந்தன.